கூலியாளாய் வந்த குரு: புனித யோசப் வாஸ் அடிகளார்

2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி, பொங்கலுக்கு முதல்நாள், நம்மில் பலர் காலிமுகத் திடலில் இருந்தோம். முந்திய இரவே பாயும் தண்ணீர்ப் போத்தலுமாகப் போய் இடம் பிடித்தவர்களும் உண்டு. கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்த பழைய மாணவியர் நேர வித்தியாசம் பாராமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். அன்றுதான் பாப்பரசர் பிரான்சிஸ், யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1995 ஜனவரி 21இல், அதே திடலில்தான் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தார். இந்தத் தீவுக்கென்று கிடைத்த முதற் புனிதர் அவர்.

நாம் சிறுமியராய் இருந்த காலத்தில் அவரைப் பற்றிக் கேட்டது பெரும்பாலும் மழைக் கதைதான். கண்டியில் கடும் வரட்சி, அரசன் வேண்டிக்கொள்கிறான், அடிகளார் நடுவீதியில் சிலுவையை நாட்டி முழந்தாளிட்டுச் செபிக்கிறார், மழை கொட்டுகிறது, அவர் மட்டும் நனையவில்லை. கதையைக் கேட்டபின் மழை நாளில் குடையில்லாமல் செபித்துப் பார்த்து நனைந்து வீடு போனவர்கள் நம் வகுப்பில் இருந்தார்கள். அந்தக் கதையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் வயது ஏறியபின் அவருடைய வாழ்வைத் திரும்பப் படித்தபோது, நம் மனம் நின்ற இடங்கள் வேறு. சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவற்றைச் சொல்ல விரும்புகிறோம். நம்மோடு படித்த சைவ, இஸ்லாமிய வீட்டுப் பிள்ளைகளும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதை நினைவில் வைத்தே எழுதுகிறோம்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு சித்திரை 21இல், கோவாவிலுள்ள பெனாவுலிம் என்ற ஊரில், தாய்வீட்டில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தோவாவோ வாஸ், சங்க்வாலே ஊரவர். தாயார் மரியா த மிராண்டா. கொங்கணி பேசும், பிராமண குலத்திலிருந்து பல தலைமுறைக்கு முன் கிறிஸ்தவரான குடும்பம். கோவா நகரில் யேசு சபையாரிடமும் தொமினிக்கன் சபையாரிடமும் படித்து 1676இல் குருவானார். குருவானதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏழைகளைப் போல வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார் என்கிறார்கள். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 5இல், தன்னைத் தேவமாதாவின் அடிமை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பின்னர் சில ஆண்டுகள் கன்னட நாட்டுக் கரையோரத்தில் பணி. 1685இல் கோவாவில், புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைப் பின்பற்றிய ஒரத்தோரியன் குருக்களோடு சேர்ந்து அவர்களுக்குத் தலைவரானார். ஐரோப்பியச் சபைகள் உள்ளூர்க் குருக்களைத் தமக்குள் சேர்க்கத் தயங்கிய காலம் அது. ஆகவே தமக்கென்று ஒரு சபை வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்கள். அந்தச் சபையிலும் குலம் பார்க்கப்பட்டது. புனிதர்களைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை. நமது திருச்சபையும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அந்த நோயைச் சுமந்ததுதான்.

இனி அவர் வர விரும்பிய நாட்டின் நிலையைச் சொல்ல வேண்டும். 1656 மே மாதத்தில் கொழும்புக் கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1658இல் யாழ்ப்பாணமும் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அந்த ஆண்டே கட்டளை பிறந்தது. ஆட்சியாளரின் சீர்திருத்தத் திருச்சபையில்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், அங்குதான் திருமணத்தைப் பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை சிக்கலாகும், உத்தியோகம் கிடைக்காது. இந்தப் பதிவையெல்லாம் யார் வைத்திருந்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த தோம்பில்தான் யார் பிறந்தார், யார் யாரை மணந்தார், யார் எந்தச் சமயம் என்பதெல்லாம் எழுதப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தின் பெயரால் ஒன்றுகூடி மலர் வெளியிடும் நமக்கு, ஒரு காலத்தில் பள்ளிக்கூடமே ஒருவனை அவனல்லாத ஒருவனாகப் பதிந்துகொள்ளும் இடமாய் இருந்தது என்பது சற்று உறுத்தலான செய்தி.

ஆகவே கொழும்பிலும் நீர்கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் இரண்டு பெயர்களோடு வாழப் பழகினார்கள். ஞாயிறு காலை ஒல்லாந்தர் கோயிலில் வரிசையில் உட்கார்ந்தார்கள். இரவில் கதவைச் சாத்திவிட்டுச் செபமாலை சொன்னார்கள். சிலர் காலப்போக்கில் இரவுச் செபத்தை விட்டார்கள். குரு இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. முப்பது ஆண்டுகள் இப்படிப் போயின.

இவர்களை நாம் கோழைகள் என்று சொல்லிவிடலாமா? 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்தவர்கள் சொல்லமாட்டார்கள். நெற்றிப்பொட்டை அழித்துவிட்டுத் தெருவில் இறங்கிய அம்மாக்களை நமக்குத் தெரியும். தாலியைச் சட்டைக்குள் ஒளித்தவர்களையும், பஸ்ஸில் தமிழில் வாய் திறக்காதே என்று பிள்ளையின் கையை நெருக்கியவர்களையும் தெரியும். வாளியைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லி நாக்கைச் சோதித்த கதையை நம்மில் ஒரு தலைமுறையே அறியும். உயிரைக் காக்க ஒளிப்பது ஒன்று. ஆபத்து போனபின்னும் வசதிக்காக ஒளித்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு விழுகிறது என்பது ஒவ்வொருவரும் இரவில் தனியே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பெரிய குருவின் முற்றத்தில் நெருப்புக் காய்ந்த பேதுருவையும் கலிலேயப் பேச்சுத்தானே காட்டிக்கொடுத்தது! அவர் மூன்று தரம் மறுத்தார், வெளியே போய் அழுதார், பின்னர் திரும்பி வந்தார். ஒல்லாந்தர் காலத்து இலங்கைக் கத்தோலிக்கர் அழுதாலும், திரும்பி வருவதற்கு யாரிடம் போவது என்று தெரியாமல் இருந்தார்கள். யோசப் வாஸ் அடிகளார் கோவாவில் இருந்தபடியே கேள்விப்பட்டு நித்திரை இழந்தது இதற்காகத்தான்.

1686இல் தலைமைப் பதவியை விட்டுவிட்டு, யோவான் என்ற பணியாளனை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தெற்கே நடந்து தூத்துக்குடியை அடைந்தார். குருவின் உடையில் கப்பல் ஏற முடியாது. எனவே கூலியாளைப் போல அரையில் துணி கட்டினார். 1687இல் வள்ளம் ஏறி, கடற்கொந்தளிப்பில் அலைந்து, பசியோடும் தாகத்தோடும் இக்கரை சேர்ந்து யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வயிற்றுளைவு கண்டது. தொற்றுநோய் என்று அஞ்சி ஊருக்கு வெளியே விடப்பட்டார். யாரோ ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் உயிர் தங்கியது என்று வரலாறு சொல்லும். அவளுடைய பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

உடம்பு தேறியதும் அவர் செய்ததுதான் நம்மை மிகவும் கவர்ந்த செயல். எந்த வீடு கத்தோலிக்க வீடு என்று அவருக்குத் தெரியாது. வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் அந்த வீட்டாருக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து. ஆகவே பெரிய செபமாலை ஒன்றைக் கழுத்தில் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். ஒரு பிடி அரிசிக்காகக் கையை நீட்டியபடி, வாசலில் நிற்பவருடைய கண் எங்கே போகிறது என்று பார்த்தார். சிலர் மாலையைக் கண்டு முகம் சுளித்தார்கள். சிலருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஒரு வீட்டில் கண்கள் அந்த மாலையிலேயே நின்றுவிட்டன. அங்கிருந்து மெல்ல மெல்லக் கதவுகள் திறந்தன.

இந்தக் காட்சியில் நாம் கவனித்த ஒன்று உண்டு. அவர் தன் தொழிலை மறைத்தார், சாதியை மறைத்தார், பெயரை மறைத்தார். செபமாலையை மறைக்கவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே பொருளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசல்களில் நின்றார். இனித் தம்மை வெளிக்காட்டுவது வீட்டாருடைய முறை என்று அவர்களையும் அவர் நெருக்கவில்லை. முதலில் தன் பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

பின்னர் சில்லாலைக்குப் போனார். கத்தோலிக்க விசுவாசத்தில் உறுதியாய் நின்ற அந்தக் கிராமம் அவரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்தது. இரவில் பூசை, இரவில் பாவசங்கீர்த்தனம், விடியுமுன் இடமாற்றம். கோவாக்காரர் தமிழ் பேசப் பழகினார். 1689 நத்தார் இரவில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தார்கள். அடிகளார் தப்பினார். பிடிபட்டவர்கள் சொல்லொணாத் துன்பம் அனுபவித்தார்கள். தனக்காக மற்றவர்கள் அடிபட்டது அவருடைய நெஞ்சில் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

அடுத்து ஒல்லாந்தர் அதிகாரம் எட்டாத கண்டி இராச்சியம். 1690இல் புத்தளம், 1692இல் கண்டி. நகரத்தை நெருங்கியபோதே கைதானார். 1672இல் பிரெஞ்சுத் தூதனாக வந்து கண்டியிலேயே தங்க நேர்ந்த லனரோல் என்ற புரட்டஸ்தாந்தர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரிடம் சொன்னதாக வரலாறு. சிறையிலும் அவருடைய நாள் ஒழுங்கு மாறவில்லை. கோவாவில் சபை இல்லத்தில் எந்த நேரத்தில் செபமோ அந்த நேரத்தில் செபம், எந்த நேரத்தில் மௌனமோ அந்த நேரத்தில் மௌனம். சபை இல்லத்தில் பலர் இருந்தார்கள். இங்கே அவரும் யோவானும்தான். மிச்ச நேரத்தில் சிங்களம் படித்தார். காவல் மெல்லத் தளர்ந்தது. கண்டியில் குருவின்றிக் கிடந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மழை பெய்த நிகழ்ச்சியை 1696இல் வைக்கிறார்கள். அதன்பின் நாட்டில் எங்கும் போய்வர மன்னர் இடம் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. மழை அற்புதத்தைவிட நம்மை யோசிக்க வைத்தது இதுதான். 1687இல் வந்தவருக்கு, கோவாவிலிருந்து வேறு குருக்கள் துணைக்கு வந்து சேர்ந்தது 1697இல். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இந்தத் தீவில் அவர் ஒருவரே குரு. அப்படியானால் எல்லாருடைய பாவசங்கீர்த்தனத்தையும் கேட்டவர் தன்னுடையதை யாரிடம் சொல்வது? பிற சமயத் தோழியருக்காக ஒரு வார்த்தை: கத்தோலிக்கர் தம் பாவத்தைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்லித்தான் பாவப்பொறுத்தல் பெறுவது வழக்கம். குருவும் அதற்கு விலக்கல்ல. அவரும் இன்னொரு குருவிடம் போக வேண்டும். தனக்குத்தானே மன்னிப்புக் கொடுத்துக்கொள்ள எந்தக் குருவாலும் முடியாது. ஆகவே தன் ஆடுகளுக்குத் தினமும் கொடுத்த ஒன்றைத் தான் மட்டும் பெறாமல் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார் அடிகளார். பசியும் காய்ச்சலும் காட்டுப் பயணமும் சேர்ந்தால் எந்த மனிதனுக்கும் கோபம் வரும், சலிப்பு வரும், நான் பெரியவன் என்ற எண்ணம்கூட வரும். அவற்றையெல்லாம் அன்றன்றே, சாட்சியில்லாமல், கடவுளுக்கு முன்னால் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நாள் ஒழுங்கை அவர் ஏன் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது.

நம்முடைய பாவசங்கீர்த்தனங்கள் எப்படி இருந்தன என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாத முதல் வெள்ளிக்காக வகுப்பு வகுப்பாக வரிசையில் நிற்போம். கீழ்ப்படியவில்லை, பொய் சொன்னேன், சகோதரங்களோடு சண்டை பிடித்தேன். இந்த மூன்றும் நான்காம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை மாறவில்லை. முன்னால் நிற்பவளிடம் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டு அதையே சொன்னவர்களும் உண்டு. உண்மையான பாவங்கள் பின்னர்தான் வந்தன. வேலைக்குப் போகும் இடத்தில் எல்லாரும் ஒருவரை இகழ்ந்தபோது சேர்ந்து சிரித்தது. வெளிநாட்டில் பெயரைச் சுருக்கி, ஊரைக் கேட்டால் பேச்சை மாற்றியது. வீட்டில் வேலைசெய்ய வந்த பிள்ளைக்குத் தனிக் கோப்பை வைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவளாய் இருந்து, சம்பந்தம் பேசும் நாளில் சாதி விசாரித்தது. இவற்றில் எதையும் அந்த வரிசையில் நாம் ஒப்பிக்கக் கற்கவில்லை.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னரும் வசதியுள்ளவர்களும் நகரை விட்டு நீங்கினார்கள். நோயாளிகளை உறவினரே காட்டோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அடிகளாரும், அப்போதுதான் வந்து சேர்ந்த அவருடைய மருமகன் யோசப் கர்வாலியோ அடிகளாரும் அங்கேயே நின்றார்கள். குடிசை போட்டுக் கொடுத்தார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைச் சுமந்து போய்க் குழி வெட்டிப் புதைத்தார்கள். பௌத்தரா கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. பிராமண குலத்துப் பிள்ளை பிணம் சுமந்தது. தூத்துக்குடியில் வேடமாய்க் கட்டிய கூலியாள் துணி, பத்து ஆண்டுகளில் அவருக்குப் பொருத்தமான உடையாகிவிட்டிருந்தது.

கொழும்புக்கு அவர் வந்தது இரகசியமாகத்தான். கண்டியில் நடமாடச் சுதந்திரம் கிடைத்தபின், ஒல்லாந்தர் எல்லைக்குள் மாறுவேடத்தில் நுழைந்து கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மறைந்திருந்து பணிசெய்தார். இரவில் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஒல்லாந்தர் கோயில் பதிவில் பெயர் உள்ளவர்கள், பிள்ளைக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், பல ஆண்டுகள் செபத்தையே மறந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்களுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுத் திருச்சபையோடு மீண்டும் ஒப்புரவாக்கினார். அவர்கள் விடிந்ததும் அதே தெருவில், அதே ஆட்சிக்குக் கீழ்த்தான் வாழப்போனார்கள்.

அவருக்கு ஆயர் பதவி கொடுக்கும் பேச்சு எழுந்தபோது ஏற்க மறுத்தார். 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரிடம் தமிழிலும் சிங்களத்திலும் மறைநூல்கள் எழுதும் பணி போய்ச் சேர்ந்தது. தவக்காலத்தில் நம் அம்மம்மாமார் கேட்டு அழுத வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததுதான். ஒல்லாந்தர் காலம் முடியும்வரை கோவா ஒரத்தோரியன் குருக்களே மாறி மாறி வந்து இந்தத் தீவின் கத்தோலிக்கரைக் காத்தார்கள். கொட்டாஞ்சேனையில் இன்று புனித லூசியாள் பேராலயம் நிற்கும் இடத்தில் 1760ஆம் ஆண்டளவில் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாய் முதற் கோயில் கட்டியவர்கள் அவர்கள்தான். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயமும் வியாபாரி வேடத்தில் மறைந்து திரிந்த அந்தோனியோ என்ற குருவிடமிருந்து தொடங்கியது என்பது பரம்பரைக் கதை. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி கொளுத்த எல்லாச் சமயத்தவரும் வருவதை நாம் அறிவோம். 2019இல் உயிர்த்த ஞாயிறு சித்திரை 21இல் வந்தது, அடிகளாரின் பிறந்த நாளில். அன்று காலை அந்த ஆலயத்தில் குண்டு வெடித்தது. பூசைக்குப் போன உறவுகளை இழந்த நம் சங்கத்தவர்களுக்கு அந்தத் திகதியை நாம் நினைவூட்டத் தேவையில்லை.

பயணங்களால் தேய்ந்த உடம்போடு, 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி இரவு, தன் ஐம்பத்தொன்பதாவது வயதில் அடிகளார் கண்டியில் காலமானார். அப்போது மன்னராய் இருந்தவர் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன். அடிகளாருடைய சிறிய கோயிலுக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். பிற்காலக் கலகங்களில் அந்தக் கோயில் அழிந்தது. கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்பது இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டிக்குச் சுற்றுலா போகும் நம் பழைய மாணவியர் எங்கே பூ வைப்பது என்று கேட்பதுண்டு. அந்நகர்ப் பேராலயத்தில் ஒரு செபம் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள்.